பாடாமல் போன பேட்மேன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ராக் பாட்டுகளைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் எங்கள் கூட்டத்தில் எப்படியும் பேட்மேன் வந்துவிடுவார். அவரை வைத்து ஒரு மியூசிக்கல் எழுதினார்கள், பாட்டெல்லாம் போட்டார்கள், கடைசியில் மேடையே ஏற்றாமல் விட்டுவிட்டார்கள் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கேள்விகள் ஆரம்பித்துவிடும். ஆள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. சரி, எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேசியபடியே விட்டிருக்கிறேன்.

பேட்மேன் பாட்டுப் பாடுவாரா? சும்மா கிண்டலுக்குத்தானே சொல்றீங்க?

நிஜமாகவே நடந்தது. பேட்மேனின் உரிமையை வைத்திருக்கும் வார்னர் பிரதர்ஸ் நிறுவனமே எடுத்த முயற்சி அது. இசை, பாடல் வரிகள் இரண்டும் ஜிம் ஸ்டைன்மன். வசனப் பிரதி டேவிட் ஐவ்ஸ். இயக்குநராகச் சொல்லப்பட்டவர் டிம் பர்ட்டன். 2005ல் நியூயார்க்கின் நாடக அரங்கு வட்டாரமான பிராட்வேயில் மேடையேற்றுவதாகத் திட்டம்.

முதல் தடவை கேட்டபோது எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். முகமூடி, மேலங்கி, இரவு, கண்ணெதிரே பெற்றோரைப் பறிகொடுத்த பையன், சிரித்துக்கொண்டே கொல்லும் வில்லன். இத்தனையும் இருக்கிற கதையில் யாரும் வாய்விட்டுப் பாடாமல் இருப்பதுதான் அதிசயம். அதே 2005ல் வெளிவந்த 'பேட்மேன் பிகின்ஸ்' படத்திலும் அந்தப் பெற்றோர் கொல்லப்படுவது ஒரு ஆப்பெராவிலிருந்து வெளியே வரும்போதுதான்.

பிராட்வே மியூசிக்கல்னா நாடகத்துக்கு நடுவுல பாட்டு வருமே, அதுதானே?

ஏறக்குறைய அதுதான். பாட்டு இடைவேளைக்கு வராமல் கதையை நகர்த்த வரும். பாத்திரம் பேசிச் சொல்ல முடியாததைப் பாடிச் சொல்லும். பின்னணியில் நேரடி இசைக்குழு வாசிக்கும், ஒரே நாடகம் ஒரே அரங்கில் வாரம் எட்டு காட்சி என்று மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஓடும். ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த 'பாம்பே ட்ரீம்ஸ்' 2002ல் லண்டனில் தொடங்கி 2004ல் பிராட்வேக்குப் போனதே, அந்த வகை.

இன்னொரு சொல்லையும் தெரிந்துகொள்ளுங்கள், கீழே தேவைப்படும்: பிரிவியூ. அதிகாரப்பூர்வத் தொடக்க நாளுக்கு முன்பு டிக்கெட் விற்றே நடத்தும் வெள்ளோட்டக் காட்சிகள். பார்வையாளர் எங்கே நெளிகிறார், எங்கே சிரிக்கிறார் என்று பார்த்துப் பார்த்து நாடகத்தைத் திருத்துவார்கள்.

யாருங்க இந்த ஸ்டைன்மன்? பேரே கேள்விப்பட்டதில்லையே.

பேர் தெரியாமல் இருக்கலாம், பாட்டு காதில் விழாமல் இருந்திருக்காது. பானி டைலர் பாடிய 'டோட்டல் எக்லிப்ஸ் ஆஃப் த ஹார்ட்', ஏர் சப்ளையின் 'மேக்கிங் லவ் அவுட் ஆஃப் நத்திங் அட் ஆல்', செலின் டியோன் 1996ல் பாடிய 'இட்ஸ் ஆல் கமிங் பேக் டு மீ நவ்' எல்லாம் அவர் எழுதியவை. எல்லாவற்றுக்கும் மேலே, 1977ல் மீட் லோஃப் பாடி வந்த 'பேட் அவுட் ஆஃப் ஹெல்' ஆல்பம். உலகம் முழுக்க 4 கோடிக்கும் மேல் விற்றதாகச் சொல்வார்கள்.

எதையும் சின்னதாகச் செய்யத் தெரியாத ஆள். நாலு நிமிடப் பாட்டு அவர் கையில் ஒன்பது நிமிடமாகும். பியானோ இடிக்கும், கோரஸ் வானத்தைப் பிளக்கும், மோட்டார் சைக்கிள் உறுமும். விமர்சகர்கள் பலருக்குப் பிடிக்காது. எனக்கு ரொம்பப் பிடிக்கும். இந்தப் பக்கத்தில் கொஞ்சம் சாய்வு தெரிந்தால் காரணம் அதுதான்.

ராக் பாட்டு எழுதுறவருக்கும் நாடகத்துக்கும் என்ன சம்பந்தம்?

தலைகீழாகக் கேட்கிறீர்கள். அவர் நாடகக்காரர், ராக் பக்கம் வழிதவறி வந்தவர். 1969ல் அமெரிக்காவின் ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரி மாணவராக இருந்தபோதே 'த டிரீம் எஞ்சின்' என்று ஒரு மியூசிக்கல் எழுதினார். அப்புறம் வளர மறுக்கும் சிறுவன் பீட்டர் பேன் கதையை எதிர்காலத்தில் நடப்பதாக மாற்றி 'நெவர்லேண்ட்' என்று ஒன்று. அது 1977ல் வாஷிங்டனில் ஒரு முன்னோட்டமாக நடந்ததோடு சரி, முழு நாடகமாக வளரவில்லை. அதற்கு எழுதிய பாட்டுகள் சும்மா கிடக்குமா? அவற்றில் சில 'பேட் அவுட் ஆஃப் ஹெல்' ஆல்பத்துக்குப் போயின. ஆக அவருடைய மிகப் பெரிய வெற்றியே முழுதாக மேடையேறாத ஒரு நாடகத்தின் மிச்சத்திலிருந்து வந்தது.

இதை நினைவில் வையுங்கள். பேட்மேனுக்கும் பின்னால் இதேதான் நடக்கிறது.

வௌவால் பேர்ல ஆல்பம் போட்டதாலதான் இவரைக் கூப்பிட்டாங்களா?

அதை மட்டும் பார்த்துக் கூப்பிட்டிருந்தாலும் தப்பில்லை! அந்த 1977 ஆல்பத்தின் அட்டையைப் பாருங்கள்: கல்லறையைப் பிளந்துகொண்டு பைக்கில் பாய்கிறான் ஒருவன், மேலே கோபுரத்தில் ராட்சத வௌவால் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அப்படியே பேட்மேனின் ஊரான கோதம் நகரம்.

விளையாட்டை விடுங்கள். ஸ்டைன்மன் பாட்டுகளில் திரும்பத் திரும்ப வருகிற விஷயங்கள் இரவு, பெரிய ஊர், பாதியில் அறுந்த காதல், வயதாக மறுக்கும் பையன்கள். பேட்மேன் முகமூடிக்குப் பின்னால் இருக்கும் புரூஸ் வெய்னின் வாழ்க்கையும் அவ்வளவுதானே. எட்டு வயதில் நடந்த ஒன்றை விட்டு நகர முடியாமல் வேஷம் கட்டிக்கொண்டு இரவில் அலையும் மனிதர். 1984ல் பானி டைலருக்கு ஸ்டைன்மன், டீன் பிட்ச்ஃபோர்டோடு சேர்ந்து எழுதிய 'ஹோல்டிங் அவுட் ஃபார் எ ஹீரோ' பாட்டில் சூப்பர்மேன் என்ற சொல்லே வருகிறது. சூப்பர்ஹீரோ ஏக்கம் அவருக்குப் புதிதில்லை.

கதை என்ன? யாரெல்லாம் வர்றாங்க?

பாட்டுகளை வைத்துப் பார்த்தால் பேட்மேன், சிரித்துக்கொண்டே கொல்லும் வில்லன் ஜோக்கர், பூனை வேஷத் திருடி கேட்வுமன் மூவரும்தான் நடுநாயகம். 'கிரேவ்யார்ட் ஷிஃப்ட்' கோதம் நகரத்தை நமக்குக் காட்டும் தொடக்கப் பாட்டு. அந்தச் சொல்லுக்கு நள்ளிரவுப் பணிநேரம் என்று அர்த்தம், உள்ளே கல்லறையும் ஒளிந்திருக்கிறது. 'இன் த லேண்ட் ஆஃப் த பிக், த புச்சர் இஸ் கிங்', அதாவது பன்றிகள் நாட்டில் கசாப்புக்காரனே ராஜா, ஊழலில் அழுகிய ஊரின் பாட்டு. ஜோக்கருக்கு ஒன்று, அதன் துணைத்தலைப்பே 1989 பேட்மேன் படத்தில் ஜோக்கராக நடித்த ஜாக் நிக்கல்சன் சொன்ன புகழ்பெற்ற பொம்மை வசனம்: இத்தனை அருமையான பொம்மைகள் அவனுக்கு எங்கிருந்து கிடைக்கின்றன? கேட்வுமனுக்கு ஒன்று. 'நாட் அலவ்டு டு லவ்', 'க்ரை டு ஹெவன்' என்று இரண்டு மெதுவான பாட்டுகள்.

எனக்குப் பிடித்த தலைப்பு 'வீ ஆர் ஸ்டில் த சில்ட்ரன் வீ ஒன்ஸ் வேர்'. அன்றைக்கு இருந்த குழந்தைகளாகவே இன்னமும் இருக்கிறோம் என்பது பொருள். பேட்மேனைப் பற்றி இதுவரை வந்த படங்கள் இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொண்டு சொன்னது இந்த ஒரு வரியில் இருக்கிறது.

அப்ப ஏன்தான் நின்னுபோச்சு?

இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். ஒரே அடியில் விழுந்த மரமாக எனக்குத் தோன்றவில்லை. நாட்காட்டியைப் பார்த்தால் இரண்டு விஷயங்கள் கண்ணில் படுகின்றன.

முதலாவது, 'டான்ஸ் ஆஃப் த வேம்பயர்ஸ்'. ஸ்டைன்மன் இசையமைத்த அந்த ரத்தக்காட்டேரி மியூசிக்கல் 2002 டிசம்பர் 9 அன்று பிராட்வேயின் மின்ஸ்காஃப் அரங்கில் தொடங்கி 2003 ஜனவரி 25 அன்று மூடப்பட்டது. மொத்தம் 56 காட்சிகள். நட்டம் சுமார் 1.2 கோடி டாலர். அதன் ஆங்கிலப் பிரதியில் கைவைத்தவர்களில் ஒருவர் டேவிட் ஐவ்ஸ். அதாவது பேட்மேனின் இசையமைப்பாளர், வசனகர்த்தா இருவருமே அந்தக் கப்பலில் இருந்தார்கள். அதற்கப்புறம் அதே ஜோடியை நம்பி இன்னும் பெரிய பணத்தைப் போடுங்கள் என்று எந்த முதலீட்டாளரிடம் போய்ச் சொல்வது?

இரண்டாவது, சினிமா. 1997ல் வந்த 'பேட்மேன் அண்ட் ராபின்' கேலிக்கு ஆளாகி, படத்தொடர் முடங்கிக் கிடந்தது. மேடை யோசனைக்கு இடம் கிடைத்ததே அந்த வெற்றிடத்தில்தான். ஆனால் 2003 ஜனவரியில், அதாவது வேம்பயர் நாடகத்துக்குப் பூட்டுப் போட்ட அதே மாதத்தில், வார்னர் நிறுவனம் புதிய படத்துக்கு கிறிஸ்டோபர் நோலனை ஒப்பந்தம் செய்தது. கறுப்பும் சேறுமாக, சிரிக்காத ஒரு பேட்மேன் 2005ல் திரைக்கு வருகிறார். அதே வருடம் மேடையில் இன்னொரு பேட்மேன் உச்ச ஸ்தாயியில் பாடுவதை அந்த நிறுவனம் எவ்வளவு ரசித்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்த வேம்பயர் நாடகம் ஐரோப்பாவுல பிச்சுக்கிட்டு ஓடுச்சாமே? பிராட்வேயில மட்டும் ஏன் ஊத்திக்கிச்சு?

கேள்விப்பட்டது சரி. 1967ல் ரோமன் போலன்ஸ்கி எடுத்த படத்தை அடிப்படையாக வைத்து, மிஷாயேல் குன்ட்ஸே ஜெர்மன் மொழியில் எழுத, 'டான்ஸ் டெர் வம்பைர' என்ற பெயரில் 1997ல் வியன்னாவில் தொடங்கியது. போலன்ஸ்கியே இயக்கினார். கிட்டத்தட்ட முழுக்கப் பாட்டு, மனதை உலுக்கும் சோகம், இடையிடையே நகைச்சுவை. அங்கே பெரிய வெற்றி. ஜெர்மானிய நகரங்களில் இன்றும் அவ்வப்போது திரும்ப வருகிறது.

அமெரிக்காவுக்குக் கொண்டுவரும்போது சோகத்தைக் குறைத்து அசட்டு ஜோக்குகளைக் கொட்டினார்கள். முன்பு 'த ஃபேன்டம் ஆஃப் த ஆப்பெரா'வில் பேரெடுத்த மைக்கேல் க்ராஃபர்டு நாயகன். ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்ததில் அது எந்த மாதிரி நாடகம் என்று மேடையில் இருந்தவர்களுக்கே புரியவில்லை போல. ஸ்டைன்மன் அந்த வடிவத்திலிருந்து வெளிப்படையாகவே விலகி நின்றார். ஒரு விஷயத்தை முழு நம்பிக்கையோடு மிகையாகச் செய்தால் பார்ப்பவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். மிகையாகச் செய்துகொண்டே 'நாங்களும் சும்மாதான் செய்கிறோம்' என்று கண்ணடித்தால் காசு கொடுத்தவனுக்குக் கோபம் வரும்.

டிம் பர்ட்டன் நிஜமாவே வேலை பார்த்தாரா, பேர் மட்டும் போட்டாங்களா?

1989, 1992 இரண்டு பேட்மேன் படங்களையும் எடுத்தவர் என்பதால் அவர் பேர் வந்ததில் ஆச்சரியம் இல்லை. ஒத்திகை, நடிகர் தேர்வு என்ற நிலைக்குத் திட்டம் போகவே இல்லை, ஆகவே இயக்குநர் இறங்கி வேலை பார்க்கும் கட்டமும் வரவில்லை. 2005ல் அவருடைய படங்கள் இரண்டு வெளிவந்தன, அந்த வருடத்தில் அவருக்குக் கை ஓய்ந்திருக்காது. 2007ல் 'ஸ்வீனி டாட்' என்ற பிராட்வே மியூசிக்கலைப் படமாக எடுத்தார். இருட்டு, கத்தி, பாட்டு மூன்றும் அவர் கையில் எப்படி இருக்கும் என்று அதில் பார்த்துக்கொள்ளலாம்.

மேடையே ஏறலைன்னா பாட்டு மட்டும் எப்படி வெளிய வந்துச்சு?

நாடகம் எழுதும் காலத்தில் பாட்டுகளை மாதிரிக்குப் பாடிப் பதிவு செய்வார்கள். டெமோ என்பது இதுதான். தயாரிப்பாளருக்கும் முதலீட்டாளருக்கும் போட்டுக் காட்ட. திட்டம் செத்துப்போனதும் ஸ்டைன்மன் அந்த டெமோக்களை இணையத்தில் ரசிகர்களுக்குக் கேட்கக் கொடுத்துவிட்டார். பெட்டியில் பூட்டி வைக்காமல் விட்டதால்தான் இந்தப் பக்கமே சாத்தியமாயிற்று.

கேட்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இவை டெமோக்கள்தான். முழு இசைக்குழுவும் மேடை நடிகர்களும் சேர்ந்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும்.

மீட் லோஃப் ஆல்பத்துல இதே பாட்டைக் கேட்டேன். யார் யார்கிட்டேருந்து சுட்டது?

யாரும் சுடவில்லை. 2006ல் வந்த மீட் லோஃபின் மூன்றாவது 'பேட் அவுட் ஆஃப் ஹெல்' ஆல்பத்தில் 'இன் த லேண்ட் ஆஃப் த பிக்' என்ற பன்றிப் பாட்டும் 'க்ரை டு ஹெவ'னும் இருக்கின்றன. இரண்டும் பேட்மேனுக்கு எழுதியவை. பன்றிப் பாட்டில் கிடார் ஸ்டீவ் வாய். அவர் வாசிப்பதைக் கேட்டாலே கோதம் தெருவில் ஓடுவது போல இருக்கும்.

அந்த ஆல்பத்தைத் தயாரித்தவர் டெஸ்மண்ட் சைல்ட், ஸ்டைன்மன் இல்லை. அதே 2006ல் மீட் லோஃப் ஸ்டைன்மன்மேல் 5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார், 'பேட் அவுட் ஆஃப் ஹெல்' என்ற பெயர் யாருக்குச் சொந்தம் என்று. பிறகு சமரசமாகிவிட்டது. ஒரு வௌவாலுக்காக எத்தனை சண்டை!

பேட்மேன் உரிமை வார்னர்கிட்ட இருக்கும்போது, பாட்டை மட்டும் எப்படி எடுத்துட்டுப் போனார்?

நல்ல கேள்வி. அமெரிக்க மேடை வழக்கப்படி நாடகம் எழுதுபவர், இசையமைப்பவர் தங்கள் படைப்பின் காப்புரிமையைத் தாங்களே வைத்துக்கொண்டு, தயாரிப்பாளருக்கு மேடையேற்றும் உரிமையை மட்டும் கொடுப்பார்கள். சினிமாவில் இது தலைகீழ், பொதுவாக எல்லாம் ஸ்டுடியோவுக்கு. மேடைத் திட்டம் நின்றுபோனால் பாட்டு எழுதியவரோடு வீடு திரும்பும். ஆனால் பேட்மேன், ஜோக்கர், கோதம் என்ற பெயர்களும் பாத்திரங்களும் திரும்பாது. அவை வார்னருக்குச் சொந்தமான டிசி காமிக்ஸ் என்ற படக்கதை நிறுவனத்தின் சொத்து.

இதை மனதில் வைத்து மேலே கதையைப் பற்றிய பதிலில் சொன்ன பாட்டுகளைத் திரும்பப் பாருங்கள். எவை பிழைத்தன? யார் வேண்டுமானாலும் பாடக்கூடிய பாட்டுகள். ஊழல் ஊரின் பாட்டுக்குப் பேட்மேன் தேவையில்லை, தடைபட்ட காதலின் பாட்டுக்கும் தேவையில்லை. ஜோக்கரின் பாட்டு? ஜோக்கரை விட்டால் அதற்குப் போக்கிடம் இல்லை. அது டெமோவாகவே நின்றுவிட்டது.

ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப விக்கிறது ஏமாத்துவேலை இல்லையா?

சிலர் அப்படித்தான் திட்டினார்கள். 'டோட்டல் எக்லிப்ஸ்' பாட்டையே வேம்பயர் நாடகத்தில் வரிகளை மாற்றிக் காதல் காட்சிக்கு வைத்தவர் அவர். கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்று குதிப்பார்கள். ஆனால் அவர் அதை மறைத்ததே இல்லை.

என்னைக் கேட்டால், அவருக்கு ஒவ்வொரு பாட்டும் இன்னும் சரியான நாடகம் கிடைக்காத ஒரு காட்சி. கிடைக்கும்வரை இடம் மாற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில் 2017ல் மான்செஸ்டரில் தொடங்கி லண்டன் கொலிசியத்துக்குப் போன 'பேட் அவுட் ஆஃப் ஹெல்' மியூசிக்கலில் எல்லாம் வந்து சேர்ந்தன. வயதாகாத இளைஞர் கூட்டம், அவர்களை ஒடுக்கும் ஒரு கொடுங்கோலன், பாழடைந்த நகரம். நெவர்லேண்டை நாற்பது வருடம் கழித்து முடித்துவிட்டார். அதில் பன்றிப் பாட்டும் உண்டு, 'நாட் அலவ்டு டு லவ்'வும் உண்டு. பேட்மேனுக்கு எழுதியவை பேட்மேன் இல்லாமலே மேடையேறிவிட்டன.

ஸ்பைடர்மேன் நாடகத்துக்கு நடந்ததைப் பார்த்தா, இது நின்னதே நல்லதுன்னு தோணுதே?

பலர் சொல்வதுதான். 'ஸ்பைடர்மேன்: டர்ன் ஆஃப் த டார்க்' நாடகத்துக்கு இசை யூ2 ராக் குழுவின் போனோவும் எட்ஜும், செலவு 7.5 கோடி டாலர். 182 பிரிவியூக்கள், அது பிராட்வே சாதனை. கயிற்றில் பறந்த நடிகர்கள் அடிபட்டார்கள், 2010 டிசம்பரில் ஒரு சாகசக் கலைஞர் மேடையிலிருந்து கீழே விழுந்து படுகாயமடைந்தார். இயக்குநர் ஜூலி டேமர் பாதியில் வெளியேற்றப்பட்டார். 2011 ஜூனில் ஒருவழியாகத் தொடங்கி 2014 ஜனவரியில் மூடியபோது போட்ட பணத்தில் பெரும்பகுதி போயே போய்விட்டது.

ஆனாலும் இதை வைத்துப் பேட்மேனை எடைபோட நான் தயாரில்லை. ஸ்பைடர்மேன் பறந்தே ஆகவேண்டும், அது இயந்திரங்களின் பிரச்சினை. பேட்மேன் இருட்டில் நின்றாலே போதும். மேடையில் இருட்டை உண்டாக்கக் கோடிகள் தேவையில்லை. (பேட்மேனின் காரான பேட்மொபைலைக் கேட்டிருப்பார்கள், அது வேறு விஷயம்.)

சூப்பர்ஹீரோ மியூசிக்கலே உருப்படாதா அப்ப?

பழைய கதை ஒன்று சொல்கிறேன். 1966 மார்ச்சில் ஹரால்டு பிரின்ஸ் இயக்கத்தில் ஒரு சூப்பர்மேன் மியூசிக்கல் பிராட்வேயில் தொடங்கியது. மதிப்புரைகள் நன்றாகவே இருந்தன, இருந்தும் 129 காட்சிகளில் முடிந்தது. அதற்கு அடிக்கடி சொல்லப்படும் காரணம், அந்த ஜனவரியில்தான் டிவியில் பேட்மேன் தொடர் ஆரம்பித்திருந்தது. வீட்டில் இலவசமாகக் கிடைக்கும் சூப்பர்ஹீரோ கேலிக்கூத்துக்கு அரங்கில் போய் யார் காசு கொடுப்பார்? ஆக, பேட்மேன் தன் மேடை வாய்ப்பை இழப்பதற்கு ரொம்ப முன்பே இன்னொருவருடைய மேடையைக் காலி செய்திருக்கிறார்.

நான் வீடியோவே பார்த்திருக்கேன்! பேட்மேன் மேடையில பாடுறாரு.

பெரும்பாலும் மூன்றில் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். 2000ல் 'பேட்மேன் பியாண்ட்' கார்ட்டூனில், கிழவரான புரூஸ் வெய்ன் தன்னைப் பற்றிய மியூசிக்கலைப் பார்த்து முகம் சுளிக்கும் காட்சி ஒன்று உண்டு. அல்லது 2011ல் மான்செஸ்டரில் தொடங்கிய 'பேட்மேன் லைவ்', அது சர்க்கஸும் சண்டையுமான பெரிய அரங்கக் காட்சி. அல்லது 2012ல் சிகாகோவில் ஸ்டார்கிட் குழு போட்ட நையாண்டி நாடகம். ஸ்டைன்மனின் நாடகத்துக்கு மேடைக் காணொளி இருக்க வழியே இல்லை. டிம் பர்ட்டன் பற்றிய பதிலில் சொன்னபடி அது ஒத்திகைக்கே போகவில்லை.

இனிமேலாவது வருமா?

மேடையில் வேறொரு பேட்மேன் வரலாம். வார்னருக்கு அந்த ஆசை முழுக்கப் போயிருக்காது. 2006ல் எல்டன் ஜான் இசையில் இன்னொரு ரத்தக்காட்டேரி நாடகமான 'லெஸ்டா'டைப் போட்டு, 39 காட்சிகளில் மூடிய நிறுவனம் அது, அவ்வளவு சீக்கிரம் பயப்படாது.

இந்தப் பேட்மேன் கடினம். ஸ்டைன்மன் 2021 ஏப்ரலில் காலமானார். ஒன்பது மாதம் கழித்து 2022 ஜனவரியில் மீட் லோஃபும் போய்விட்டார். கேட்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது: முதலில் டெமோவில் பன்றிப் பாட்டு, அடுத்து 2006 ஆல்பத்தில் அதே பாட்டு, கடைசியாக 2017 மியூசிக்கலின் பதிவில் அதே பாட்டு. இந்த வரிசையில் கேளுங்கள். இரவு, ஹெட்ஃபோனோடு.